காலி மனைன்னு எழுதிட்டாங்க

முடிச்சூர்ல என் மனை இருக்கற நகர் முகப்புல ஒரு நாள் காலையில ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாங்க. ஆத்தங்கரையை ஒட்டின கடைசி வரிசை மனைகளை அரசு எடுத்துக்கப் போகுது, அங்க காடு அமைக்கப் போறாங்க, ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம். இவ்வளவுதான் அதுல இருந்தது. சாயங்காலத்துக்குள்ள நகரே அல்லோலகல்லோலப்பட்டுப் போச்சு.

ஏன்னா எங்க பக்கத்துல காடுன்னு சொன்னா யாருக்கும் மரம் ஞாபகம் வராது. ஒருத்தர் தவறிட்டார்னா "எப்ப எடுக்கறாங்க, எந்தக் காட்டுக்கு?"ன்னுதான் கேப்பாங்க. மறுநாள் பால் தெளிக்கப் போறதும் காட்டுக்குத்தான். அதனால ஃப்ளெக்ஸைப் படிச்ச அத்தனை பேரும் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கிட்டாங்க. நகர் நலச் சங்கத்துச் செயலாளர் பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நான் அண்ணான்னு கூப்பிடுவேன். அவர் போன் பண்ணி, "டீச்சர், சுடுகாடு கொண்டு வரானுங்க டீச்சர்! நம்ம தெருவுக்குப் பின்னாடியே!"ன்னு கத்தினார். எங்க சர்ச் வாட்ஸப் குரூப்ல ஒரு அம்மா ஒரு படி மேல போய், நல்ல காரியம், அப்படியே நம்ம ஆளுங்களுக்கும் கல்லறைக்கு ஒரு மூலை கேட்டு மனு குடுக்கலாமேன்னு போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ வரிசையா ஆமென்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நில எடுப்பு ஆபீசர் நேர்ல வந்திருந்தார். இள வயசு, இஸ்திரி கலையாத சட்டை, எல்லாரையும் சிரிச்சுக்கிட்டே மேடம் சார்னு கூப்பிடற ரகம். செயலாளர் அண்ணா எழுந்து புகை, சாம்பல், பறை, குழந்தைங்க பயப்படறதுன்னு மூச்சு விடாமப் பேசினார். ஆபீசருக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் தலையில கை வச்சுக்கிட்டு, "ஐயையோ, சுடுகாடு இல்ல சார், மரம் வைக்கற காடு. வெள்ளம் வந்தா தண்ணி வேகம் குறையறதுக்கு"ன்னார். அப்புறம் பின்னாலேர்ந்து ஒருத்தர், "அப்ப பாம்பு வருமே"ன்னார். சுடுகாட்டுக்கு எழுந்த சத்தத்தை விடப் பெரிய சத்தம் அதுக்கு எழுந்தது.

நான் கையைத் தூக்கினேன். "என் மனையை எடுத்துக்கோங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னேன். செயலாளர் அண்ணா என்னை முறைச்ச முறைப்பு இருக்கே, நான் என்னவோ அவர் வீட்டை எழுதிக் குடுத்த மாதிரி.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியணும்னா அந்த மனையோட கதை தெரியணும். நான் தனிக்கட்டை. இரும்புலியூர்ல வாடகை வீடு. அரசுப் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்தேன், இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். சொந்தமா ஒரு வீடு கட்டிக் காட்டணும்னு வெறியில லோன் போட்டு அந்த மனையை வாங்கினேன். கல்யாணம் ஆகாதவ எதுக்கு வீடுன்னு கேட்ட வாய்ங்களை அடைக்கணும்னுதான் வாங்கினேன், பொய் சொல்வானேன். கடக்கால் வெட்டி, கருங்கல் எல்லாம் இறக்கியாச்சு. அப்பத்தான் 2015 வெள்ளம் வந்தது. கம்பவுண்டு சுவர் பாதி போச்சு, கடக்கால் சேத்துக்குள்ள போச்சு. எதிர் வீட்டு மாடியில நின்னு பார்த்தப்ப என் மனை எது, ஆறு எதுன்னே தெரியல.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. இருக்கறதைத் தொலைச்சுத் தலை முழுகிடலாம்னு ஒரு புரோக்கரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். போய்ப் பார்த்தா, அடடா, மனை முழுக்க மரம். ரோட்டு ஓரமா ஒரு நாவல், உள்ள பூவரசு, வேம்பு, நுணா. ஒண்ணு கூட நான் வச்சதில்ல. தண்ணி இழுத்துக்கிட்டு வந்ததோ, காக்கா போட்டதோ, யாருக்குத் தெரியும். நாவல் அப்பவே என் தலைக்கு மேல இருந்தது. புரோக்கர் கையை ஆட்டி, "இதையெல்லாம் க்ளீன் பண்ணிட்டா சூப்பரா போகும் மேடம்"னார். எனக்கு மூக்கு மேல கோபம். "நீங்க முதல்ல போங்க"ன்னேன்.

அன்னிலேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நேரா அங்கதான். டப்பாவுல தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய், திருத்தறதுக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டு. மரத்தடியில கருங்கல் மேலயே உக்காந்து திருத்துவேன். நாவல் காய்க்க ஆரம்பிச்ச வருஷம் விடைத்தாள் எல்லாம் ஊதாக் கறை. "மிஸ், இது எதுக்கு மிஸ் மார்க்?"னு பொண்ணுங்க சண்டைக்கு வந்தாங்க. வயலட் இங்க்ல போட்டா போனஸ்னு சொல்லி வச்சேன்.

சொன்னா சிரிப்பீங்க. இந்த ஊர்ல எனக்குக் கேக்காம எதுவும் கிடைச்சதில்ல. லோனுக்கு அலைஞ்சேன், டிரான்ஸ்ஃபருக்கு அலைஞ்சேன், கேஸ் கனெக்‌ஷனுக்குக் கூட அலைஞ்சேன். தனியா இருக்கறவளுக்கு வாடகைக்கு வீடு குடுக்க மாட்டோம்னு எத்தனை கதவு சாத்தினாங்க தெரியுமா? அந்த மரங்க மட்டும்தான் நான் கூப்பிடாமலே வந்து என் இடத்துல நின்னது. அதுங்க மேல எனக்கு அவ்வளவு பிரியம். வெக்கமில்லாமச் சொல்றேன், பெத்த பிள்ளைங்க மேல வைக்கற மாதிரிதான்.

எனக்கு வயசாகுது. நான் போயிட்டா அந்த மனை தங்கச்சி பசங்களுக்குப் போகும். பசங்க விப்பாங்க, வாங்கறவன் ஃபிளாட் கட்டுவான், முதல்ல வெட்டறது நாவலைத்தான். இந்த யோசனையில எத்தனையோ நாள் தூக்கம் கெட்டிருக்கேன். அப்பத்தான் அந்தக் கூட்டத்துல ஆபீசர் மரம் வைக்கற காடுன்னார். கணக்கு டீச்சருக்கு இதைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சர்க்கார் எடுத்துக் காடு ஆக்கிட்டா என் மரங்க மேல எவனும் கை வைக்க முடியாது. அதான் கையைத் தூக்கினேன்.

மத்தவங்களும் பின்னால ஒவ்வொருத்தரா வழிக்கு வந்தாங்க. மழைக்கு மழை முழங்கால் தண்ணியில நிக்கற மனையை வேற யார் வாங்குவாங்க? என் மனை அந்த வரிசையில நட்ட நடுவுல இருந்தது.

தாம்பரத்துல நில எடுப்பு ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ஆபீசர் ஒரு பேப்பரைத் திருப்பி வச்சுக் காட்டினார். "காலி மனையா ஒப்படைக்கணும் மேடம், அவ்வளவுதான்."

"சார், அங்க மரம் இருக்கே."

"ஆமா, அதை எடுத்துடுங்க."

"எதை?"

"மரத்தைத்தான் மேடம்."

எனக்குக் காது சரியா கேக்கலயோன்னு நினைச்சேன். "காடு வைக்கத்தான சார் எடுக்கறீங்க?"

"ஆமா மேடம்."

"காடு வைக்கறதுக்கு மரத்தை வெட்டணுமா?"

அவர் பொறுமையா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். "அது தானா வளர்ந்தது மேடம். நாங்க வைக்கறது பிளான்படி. வரிசையா வரணும். இடம் ஒரே லெவலா இருந்தாதான் குழி எடுக்கறவன் எடுப்பான்."

"தானா வளர்றதுதான சார் காடு? வரிசையா வச்சா அது தோட்டம்"னேன். பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா சிரிப்பை அடக்கறதுக்குத் தண்ணி குடிச்சாங்க.

ஆபீசரும் சிரிச்சார். சிரிச்சுட்டு விஷயத்துக்கு வந்தார். "மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க பட்டாவுல இருக்கற வரைக்கும் நீங்க வெட்டலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எங்க கைக்கு வந்துட்டா ஒரு கிளையை வெட்டக் கூட பசுமைக் குழு பர்மிஷன் வாங்கணும். வனத்துறையிலேர்ந்து வந்து பாக்கணும், அளக்கணும், ஒண்ணுக்குப் பதிலா பத்து வைக்கறேன்னு எழுதிக் குடுக்கணும். அதெல்லாம் ரொம்ப பேஜார் மேடம்."

எனக்கு அது தெரியாதா என்ன? எங்க பள்ளிக்கூடத்துல ஒரு தூங்குமூஞ்சி மரம், பாத்ரூம் கூரை மேல சாஞ்சுக்கிட்டு இருந்தது. ஒரே ஒரு கிளையை எடுக்கணும்னு ஹெச்.எம். மனு போட்டாங்க. அந்த அம்மா ரிட்டயர் ஆனாங்க, அடுத்த ஹெச்.எம். வந்தாங்க, அந்தக் கிளை பூத்துக்கிட்டே இருந்தது. அப்ப நான் அந்தக் குழுவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்.

"அப்ப மரங்களோட ஒப்படைக்கறேன்னு மாத்தி எழுதுங்க சார்"னேன்.

"முடியாது மேடம். காலி மனைன்னு மேல போயிடுச்சு. இனிமே மாத்தினா எல்லாம் முதல்லேர்ந்து வரணும்."

"தப்பா எழுதினது நீங்க. வெட்டுப்படறது என் மரமா?"

"உங்களுக்குப் பணம் வர லேட் ஆகும் மேடம்."

"ஆகட்டும். நான் வெட்ட மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்கோங்க."

சேரைப் பின்னால தள்ளிட்டு எழுந்து வந்துட்டேன். தடதடன்னு மாடிப்படி இறங்கினேன். பயம் இல்ல, ஆத்திரம். வகுப்புல ஒரு பொண்ணு சரியான விடையை எழுதி, வழி வேறன்னு இன்னொரு டீச்சர் சுழிச்சு வச்சா வருமே, அந்த ஆத்திரம். ஷேர் ஆட்டோவுல உக்காந்து சுரங்கப்பாதை நெரிசல்ல நிக்கறப்பத்தான் அந்த மனுஷன் சொன்னது திரும்ப மண்டையில ஓடிச்சு. எங்க கைக்கு வந்துட்டா ஒரு கிளையை வெட்ட முடியாது. அடப்பாவி, வழியை நீயே சொல்லிக் குடுத்துட்டியே. என் கையில இருக்கற வரைக்கும்தான் மரத்துக்கு ஆபத்து. வெட்டறதுக்கு முன்னாடி கை மாறிடணும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டுப் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தா, நான் சத்தமா சிரிச்சிருக்கேன் போல.

மறுநாளே போன் பண்ணி ஒப்படைக்கறேன் வாங்கன்னேன். மரத்தைப் பத்தி வாயைத் திறக்கல. அவரும் கேக்கல, வழிக்கு வந்துட்டேன்னு நினைச்சிருப்பார்.

ஒப்படைக்கற அன்னிக்கு நல்ல வெயில். நான் போறப்பவே மஞ்சள் ஜேசிபி நாவல் மரத்துக்கு நேரா மூஞ்சியை நீட்டிக்கிட்டு நின்னுது. டிரைவர் கீழ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். சாட்சிக் கையெழுத்துக்குச் செயலாளர் அண்ணா வந்திருந்தார். ஆபீசர் என்னைப் பார்த்ததும் குளிர்ச்சியா சிரிச்சார். "உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நாங்களே வண்டி கொண்டு வந்துட்டோம் மேடம். முதல்ல க்ளியர் பண்ணிடறோம், அப்புறம் கையெழுத்து."

"கையெழுத்து முதல்ல சார்."

"அரை மணி நேரம்தான் மேடம் ஆகும்."

"நான் சாயங்காலம் நாகர்கோவில் ரயில் ஏறணும், தங்கச்சி வீட்டுக்கு. இன்னும் பெட்டி கட்டல. கையெழுத்து முதல்லன்னா இப்ப போடறேன். இல்லன்னா நான் கிளம்பறேன், அடுத்து நீங்க என்னைப் பிடிக்கணும்னா நாகர்கோவிலுக்குத்தான் வரணும்."

ரயிலும் இல்ல, பெட்டியும் இல்ல. பொய்தான். கர்த்தர் மன்னிப்பார்னு ஒரு நம்பிக்கை. ஆபீசர் வாட்ச்சைப் பார்த்தார், ஜேசிபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மத்த மனையெல்லாம் முடிஞ்சு என் மனைக்காகத்தான் வேலை நின்னுக்கிட்டு இருந்தது. பைக் சீட் மேல பேப்பரை வச்சு நீட்டினார். நான் போட்டேன், அண்ணா போட்டார், அவரும் போட்டு சீல் வச்சார். எத்தனை வருஷ லோன், எத்தனை பேர் வாய். அந்தக் கையெழுத்தோட எனக்குன்னு இந்த ஊர்ல ஒரு அடி மண் இல்ல.

சீல் மை காயல, அவர் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டி உறுமிச்சு. நான் விறுவிறுன்னு உள்ள போனேன். செருப்பை உதறிட்டு, நாவல் வேர் மேல ஏறி, மரத்துல முதுகை ஒட்டி நின்னுட்டேன். டிரைவர் வண்டியை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, தள்ளு. மேல பட்டுதுன்னா யாரு பதில் சொல்றது?"

ஆபீசர் ஓடி வந்தார். சிரிப்பு சுத்தமா போயிருந்தது. "மேடம், என்ன இது? கையெழுத்து போட்டாச்சு. இது இப்ப கவர்மென்ட் இடம். தயவு செஞ்சு வெளிய போங்க."

"என்ன இடம் சார்?"

"கவர்மென்ட் இடம் மேடம்! கவர்மென்ட் இடம்!"

"அண்ணா, கேட்டீங்களா?"ன்னு செயலாளரைப் பார்த்துக் கத்தினேன். "சாட்சி நீங்கதான். சார், உங்க இடம்னா இது உங்க மரம். பர்மிஷன் எங்க? பசுமைக் குழு எப்ப வந்து பார்த்தாங்க? ஒரு கிளைக்கே வேணும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் முகம் போன போக்கை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்புறம் பேப்பரை உயர்த்திக் காட்டினார். "காலி மனைன்னு போட்டிருக்கு மேடம். ரெக்கார்டுபடி இங்க மரமே இல்ல."

"மரமே இல்லன்னா ஜேசிபி எதை வெட்ட வந்திருக்கு?"

செயலாளர் அண்ணா பக்குன்னு சிரிச்சுட்டார். அன்னிக்குச் சங்கக் கூட்டத்துல என்னை முறைச்ச அதே மனுஷன்தான். சிரிச்சதோட விடாம போனை எடுத்து நாவல், ஜேசிபி, ஆபீசர் மூணும் ஒண்ணா தெரியற மாதிரி நிதானமா ஒரு போட்டோ பிடிச்சார்.

அதைப் பார்த்ததும் டிரைவர் இன்ஜினை நிறுத்திட்டு இறங்கினார். "சார், இது நம்மளால ஆவாது. கவர்மென்ட்டு மரம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? நாளைக்கு இந்தப் படம் போன்ல சுத்துச்சுன்னா வண்டிய இட்டுக்கினு பூடுவாங்க. ஓனரு வந்து இன்னான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? நீ பேப்பரு வாங்கிக்கினு கூப்புடு, வரேன்." சொல்லிட்டு ஆபீசர் பதிலுக்குக் கூடக் காத்திருக்கல. ரிவர்ஸ் எடுத்துத் தெருமுனை திரும்பிப் போயே போயிட்டார்.

நாங்க மூணு பேரும் அந்தப் புழுதியில நின்னோம். ஆபீசர் கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சார். கோபம் இருந்தது, ஆனா அதை எங்க வைக்கறதுன்னு தெரியல அவருக்கு. கடைசியில என் மேலதான் வச்சார். "சரி மேடம். சட்டம் பேசினீங்க இல்ல? நானும் பேசறேன். அரசு இடத்துல அனுமதியில்லாம நிக்கறீங்க. வெளிய போங்க. இனிமே உள்ள வரக்கூடாது."

"போறேன் சார்"னேன். அந்த மரத்தை விட்டு முதுகை எடுக்கறதுக்கு எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பட்டை அச்சு ஜாக்கெட்டுல அப்படியே பதிஞ்சிருக்கும். வேம்பைப் பார்க்கல, பூவரசைப் பார்க்கல. பார்த்தா அவர் முன்னாடியே அழுதுடுவேன். நேரா நடந்து இடிஞ்ச சுவரைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். எனக்குப் பின்னாலயே அந்த இடைவெளியில அவர் பிளாஸ்டிக் நாடாவைக் குறுக்க கட்டினார்.

தார் ரோடு அனலாக் கொதிச்சது. அப்பத்தான் கீழ பார்த்தேன், காலுல செருப்பு இல்ல.

"டீச்சர், செருப்பு உள்ள கிடக்கு பாருங்க"ன்னார் அண்ணா.

நான் நாடாவைத் தொட்டேன். ஆபீசர் கையைக் குறுக்க நீட்டினார். "உள்ள போகணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க மேடம். பரிசீலனை பண்றோம்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் என்னென்னவோ வந்தது. "வச்சுக்கோங்க சார். மரமே உங்களுதுன்னு ஆச்சு, செருப்பு எனக்கெதுக்கு?"ன்னேன். அண்ணா தன் செருப்பைக் கழட்டி என் பக்கம் தள்ளினார். வேணாம்னு தலையாட்டினேன். அவர் செருப்புல என் கால் ரெண்டும் சேர்ந்தே போகும், அது வேற விஷயம்.

ஒரு காலை மாத்தி ஒரு காலைத் தூக்கிக்கிட்டுப் பார்த்தேன். நாவல் மரத்து நிழல் சுவருக்குள்ள அடங்கல. நாடாவைத் தாண்டி, ரோட்டுல பாதி வரைக்கும் விழுந்திருந்தது. குதிச்சுக் குதிச்சு அதுக்குள்ள போய் நின்னேன். உள்ளங்கால்ல சூடு மெல்ல இறங்கிச்சு. அப்பத்தான் அழுகை வந்தது, துடைச்சுக்கக்கூட இல்ல.

ஆபீசர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் கிளம்பலயா மேடம்?"

"இது ரோடு சார். உங்க மனையில சேராது. எனக்குத் தோணறப்பப் போவேன்"னேன்.